முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் சிறு நிதி: தூதரகமா, ரோட்டரியா, சி.எஸ்.ஆரா, சொந்தச் சந்தாவா?

ஜெர்மனியில் மேற்படிப்பு முடித்தவர்கள், ஜப்பானில் தொழிற்பயிற்சி பெற்றவர்கள், அமெரிக்கப் பரிமாற்றத் திட்டங்களில் போய்வந்தவர்கள் என்று பலவகையான சங்கங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. அவற்றின் செயலாளர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. வெளிநாட்டு மக்களையும் தம் ஊர்க்காரர்களையும் நேரில் பழகவைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்காக வந்து தங்கியிருக்கும் கொரிய, ஜப்பானியக் குடும்பங்களை அரசுப் பள்ளி விழாவுக்கு அழைக்கலாம். நம் கல்லூரிகளில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களுக்குப் பொங்கலன்று ஊர் வீடுகளில் இலை போடலாம். கிளை நூலகத்தில் மாதம் ஒரு மாலை மொழிப் பரிமாற்றம் வைக்கலாம். இவற்றுக்கெல்லாம் ஐம்பதாயிரம் ரூபாயிலிருந்து மூன்று லட்சம் வரை போதும். அதை யாரிடம் கேட்பது என்பதுதான் கேள்வி. தூதரக மானியம், ரோட்டரி கிளப், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியான சி.எஸ்.ஆர்., சொந்தச் சந்தா என்று நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

இந்தியச் சட்டத்தை வைத்தே எழுதுகிறேன். இலங்கையிலோ மலேசியாவிலோ இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு. செலவையும் உழைப்பையும் பற்றிச் சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும். அந்தப் பணத்தை வாங்கச் சட்டம் நம்மை அனுமதிக்கிறதா? நமக்கு உண்மையில் ஆகும் செலவுகளை அது ஏற்குமா? கேட்டதிலிருந்து கைக்கு வர எத்தனை மாதம்? கணக்குக் காட்ட எவ்வளவு உழைப்பு? அடுத்த ஆண்டும் கிடைக்குமா?

முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் மற்ற நான்கையும் பார்க்க வேண்டியதே இல்லை. ஆனாலும் பல சங்கங்கள் அதைக் கடைசியில்தான் கேட்கின்றன.

இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நூறு பேர் கூடும் ஒரு பொங்கல் நாளுக்குப் பட்டியல் போட்டுப் பாருங்கள்: பச்சரிசி, வெல்லம், பானை, கரும்பு, வாழை இலை, கோலமாவு, சமையல் கூலி, பறைக் கலைஞர்களுக்குச் சன்மானம், விருந்தினரை அழைத்துவரும் வேன், மைக் செட், மொழிபெயர்க்கும் மாணவர்களுக்குப் பயணப்படி, விருந்தினருக்கு ஆளுக்கொரு கைத்தறித் துண்டு. சாப்பாடும் சன்மானமும் பரிசும்தான் இதில் பெரும்பகுதி. பழக்கம் வளர்வதே பந்தியில்தான் என்பதால் அது நியாயமான செலவும்கூட. ஆனால் மானிய விதிகள் முதலில் கைவைப்பதும் இவற்றின்மீதுதான். போதாக்குறைக்கு, கரும்புக் கட்டுக்கும் வாழை இலைக்கும் சந்தையில் பில் கிடைக்காது. வவுச்சரில் பெயர், தொகை, காரணம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பும் ஒட்ட வேண்டும். இப்படிப்பட்ட வவுச்சரை ஏற்காத நிதி உங்களுக்கு எவ்வளவு பெரிய தொகை தந்தாலும் பயன்படாது.

## தூதரக மானியம்

நான்கிலும் கவர்ச்சியானது இதுதான். அமெரிக்க வெளியுறவுத் துறை 2011 முதல் நடத்திவந்த முன்னாள் பங்கேற்பாளர் புத்தாக்க நிதியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அந்த அரசின் செலவில் பரிமாற்றத் திட்டங்களுக்குப் போய்வந்தவர்கள், குறைந்தது இரண்டு பேர் அணியாகச் சேர்ந்து, தம் ஊருக்கான திட்டத்தை முன்வைக்கலாம். அறிவிப்புகளில் தொகை 5,000 டாலர் முதல் 35,000 டாலர் வரை என்று இருந்தது. சொந்தச் செலவில் அமெரிக்காவில் படித்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சங்கத்தில் எத்தனை பேர் உண்மையில் தகுதி உள்ளவர்கள் என்று முதலில் எண்ணிப்பாருங்கள்.

அந்த நிதி எதற்கெல்லாம் கிடையாது என்ற பட்டியல் நீளமானது. சம்பளம், அலுவலக வாடகை, கட்டடம், பெரிய கருவிகள், பரிசுப்பொருட்கள், அளவுமீறிய விருந்து, கல்வி உதவித்தொகை, அறப்பணி உதவி, அமெரிக்காவுக்கு விமான டிக்கெட் எதற்கும் பணம் இல்லை. மேலே போட்ட பொங்கல் பட்டியலில் கைத்தறித் துண்டு அடிபட்டுப் போகும். சாப்பாடு எந்த அளவில் ‘அளவுமீறியது’ ஆகும் என்று வாதாட வேண்டியிருக்கும். பயிற்சிப் பட்டறை, கருத்தரங்கு, கையேடு போன்றவற்றுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

ஆனால் உண்மையான தடை விதிப்பட்டியலில் இல்லை. அது நம் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்.சி.ஆர்.ஏ., சமூக, கல்வி, பண்பாட்டுத் திட்டம் நடத்தும் எவரும் உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு மூலத்திலிருந்து பங்களிப்பு பெறக்கூடாது என்கிறது. வெளிநாட்டு அரசும் வெளிநாட்டு மூலமே. ‘சங்கத்தின் பெயரில் வேண்டாம், தலைவரின் தனிக் கணக்கில் வாங்கிக்கொள்வோம்’ என்பது வழி ஆகாது. சட்டம் தனிநபரையும் சேர்த்தே பேசுகிறது. மீறினால் அது தண்டனைக்குரிய குற்றம்.

பதிவு பெறச் சங்கம் மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் தன் நோக்கத்துக்காகப் பதினைந்து லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் விழா நடத்தும் சங்கத்துக்கு இது எட்டாத படி. முன் அனுமதி என்றால், யார், எவ்வளவு, எதற்காகத் தருகிறார் என்ற உறுதிக் கடிதத்தோடு அந்த ஒரு நன்கொடைக்கு மட்டும் விண்ணப்பிக்க வேண்டும். 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வாங்கியவர் இன்னோர் அமைப்புக்கு அதை மாற்றித் தரவும் கூடாது.

இந்தக் கடைசி விதியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘பதிவுள்ள தொண்டு நிறுவனம் வாங்கி நமக்குத் தரட்டும்’ என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது. இன்று செய்யக்கூடியது இதுதான்: எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுள்ள கல்லூரியோ அறக்கட்டளையோ விண்ணப்பதாரராக நிற்க வேண்டும், பணத்தை வாங்க வேண்டும், தானே செலவும் செய்ய வேண்டும். சங்கத்தார் தன்னார்வலர்களாக உழைக்கலாம். காசோலையில் உங்கள் சங்கத்தின் பெயர் எங்கும் வராது. விழாப் பதாகையில் எந்தப் பெயர் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அந்த நிறுவனத்தோடு முன்கூட்டியே பேசி எழுதிவைத்துவிடுங்கள்.

நிலையற்ற தன்மை இன்னொரு மறைமுகச் செலவு. ஒவ்வோர் ஆண்டும் கருப்பொருள் மாறும். ஆட்சி மாறினால் பணமே நிற்கலாம். 2025 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை பரிமாற்றத் திட்டங்களுக்கான பணத்தை நிறுத்திவைத்தபோது ஃபுல்பிரைட் என்ற கல்விப் பரிமாற்றத் திட்டம் போன்ற பழைய திட்டமே தடுமாறியது.

இதே தூதரகங்களிடம் பணம் கேட்காமல் ஆள் கேட்டால் காரியம் எளிதாகிவிடும். சென்னையில் அமெரிக்க, ஜப்பானிய, ஜெர்மானிய, ஆஸ்திரேலியத் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன. ஜெர்மானியப் பண்பாட்டு மையமான மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. 2006 முதல் இந்திய–கொரியப் பண்பாட்டுப் பணியைச் செய்துவரும் இன்கோ சென்டர் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் பேச ஓர் அதிகாரி, ஒரு திரையிடல், ஓர் ஓரிகாமி வகுப்பு என்று கேளுங்கள். அவர்களே அனுப்பி, அவர்களே செலவை ஏற்றால் உங்கள் சங்கத்தின் கணக்குக்குப் பணம் வருவதே இல்லை. பெரும்பாலான சிறு சங்கங்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த உதவியைத்தான்.

## ரோட்டரி

ரோட்டரியில் இரண்டு வகை நிதி உண்டு. குளோபல் கிராண்ட் என்பது குறைந்தது 30,000 டாலர் மதிப்புள்ள திட்டத்துக்கானது. இன்னொரு நாட்டு ரோட்டரியின் கூட்டும் வேண்டும். நம் அளவுக்கு அது பெரிது. டிஸ்ட்ரிக்ட் கிராண்ட்தான் நமக்குரியது. உறுப்பினர்கள் ஆண்டு நிதிக்குத் தந்த நன்கொடையின் ஒரு பகுதி மூன்று ஆண்டு கழித்து அந்தந்த ரோட்டரி மாவட்டத்துக்கு, அதாவது பல கிளப்புகள் சேர்ந்த பிரிவுக்கு, திரும்பி வருகிறது. அதிலிருந்து சிறு திட்டங்களுக்குப் பிரித்துத் தருகிறார்கள்.

பணம் உள்ளூர் ரோட்டரி கிளப்புக்குத்தான் வரும். திட்டமும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். ரோட்டரியர்கள் நேரில் பங்கெடுக்க வேண்டும். ஆகவே நீங்கள் பணம் கேட்டுப் போகவில்லை, கூட்டாளி தேடிப் போகிறீர்கள். சர்வதேசப் புரிதலும் நல்லெண்ணமும் ரோட்டரியின் அடிப்படை நோக்கங்களிலேயே இருப்பதால் உங்கள் பேச்சு அங்கே எளிதில் எடுபடும். ஆனால் வெறும் கொண்டாட்டத்துக்கு அவர்களின் அறக்கட்டளைப் பணம் செல்லாது. விழாவை விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் கல்விப் பணியை முன்னால் வையுங்கள்: அரசுப் பள்ளி நூலகத்துக்கு உலக நாடுகள் பற்றிய நூல்கள், வெளிநாட்டு மாணவர்கள் நடத்தும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி.

நாள் கணக்கைக் கவனியுங்கள். ரோட்டரியின் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. தலைவரும் அன்றே மாறுகிறார். கோடையில் பொறுப்பேற்கக் காத்திருக்கும் அடுத்த தலைவரைப் பாருங்கள். ஏப்ரலில் இருக்கும் தலைவரிடம் பேசினால், அவர் மனமார ஒப்புக்கொண்டாலும் செய்ய நேரம் இராது. கிராண்ட் பெற அந்த கிளப் பயிற்சிக் கூட்டத்தில் கலந்துகொண்டு தகுதி பெற்றிருக்கவும் வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளத் தயங்காதீர்கள்.

இங்கே மறைமுகச் செலவு உரிமை. ஆண்டு அறிக்கையில் அது ரோட்டரித் திட்டம். அதில் மனவருத்தம் இல்லாத சங்கங்களுக்கு இது நல்ல வழி. சிறு நகரங்களில் தூதரகத்தைவிட ரோட்டரி மண்டபம் பக்கத்தில் இருக்கிறது என்பதும் சாதாரண விஷயம் இல்லை.

## சி.எஸ்.ஆர்.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். கொரிய, ஜப்பானிய, ஜெர்மானிய நிறுவனங்கள் நிறைந்த காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்துச் சங்கங்களுக்கு வாசல் திறந்திருப்பதுபோலத் தோன்றும்.

‘அது வெளிநாட்டுக் கம்பெனி, எஃப்.சி.ஆர்.ஏ. சிக்கல் வருமே’ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2016-ல் செய்த திருத்தத்தின்படி, வெளிநாட்டு முதலீடு அந்தத் துறைக்கு அனுமதித்த வரம்புக்குள் இருந்தால் இந்தியாவில் பதிவான அந்த நிறுவனம் வெளிநாட்டு மூலம் ஆகாது. ஆனால் அதன் தாய் நிறுவனம் சியோலிலிருந்தோ டோக்கியோவிலிருந்தோ நேராக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பணம்தான்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. சி.எஸ்.ஆர். பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று சொல்லும் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கல்வி உண்டு, கலை பண்பாடு உண்டு. சர்வதேச நட்பு என்று ஒரு தலைப்பு இல்லை. ஒருநாள் நிகழ்ச்சிகளும் விருது விழாக்களும் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்று மத்திய அரசு 2014-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பணத்தை வாங்கிச் செயல்படுத்தும் அமைப்பு வருமான வரித் துறையின் பதிவும், நாம் 80ஜி என்று சொல்லும் வரிச் சலுகை அங்கீகாரமும், மூன்று ஆண்டுச் செயல்பாடும் உடையதாக இருக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 படிவத்தின் வழியாக மத்திய அரசிடம் பதிவும் செய்திருக்க வேண்டும். தணிக்கையாளர் கட்டணம், படிவங்கள், காத்திருப்பு எல்லாம் சேர்ந்தால், ஒரு லட்சம் ரூபாய் வாங்குவதற்காக இத்தனையையும் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்டு முழுவதும் நடக்கும் பள்ளித் திட்டம் உங்களிடம் இருந்தால் கதை வேறு.

நிறுவனத்தின் விளம்பரச் செலவிலிருந்து வாங்குவது தனி வழி. அது நன்கொடை ஆகாது. மேடையில் அவர்கள் பெயரை விளம்பரமாகப் போடும்போது ஜி.எஸ்.டி. கேள்வி எழும். தணிக்கையாளரைக் கேட்காமல் ரசீது எழுதாதீர்கள்.

## சந்தாவும் சொந்த வருமானமும்

இதைப் பலர் கடைசிப் புகலிடமாக நினைக்கிறார்கள். நான் இதை முதலில் வைப்பேன். நட்பு வளரும் வேலை ஒரே ஆண்டில் முடிவதில்லை. இந்தப் பொங்கலுக்கு வந்த குடும்பத்தை அடுத்த பொங்கலுக்கும் அழைக்க வேண்டும். அழைக்கப் பணம் இருக்கிறது என்ற உறுதியைச் சந்தா மட்டுமே தருகிறது. பந்திக்கும் பரிசுக்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கணக்கு பொதுக்குழுவுக்குச் சொன்னால் போதும்.

சந்தாவோடு நின்றுவிடத் தேவையுமில்லை. ஜப்பானில் பயிற்சி பெற்றவர்கள் சென்னையில் நடத்தும் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் ஜப்பானிய மொழி வகுப்புகளை நடத்துகிறது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். தமக்குத் தெரிந்ததைக் கற்பித்து அந்தக் கட்டணத்தில் சங்கத்தை நடத்துவது ஊரில் பத்துப் பேர் இருந்தாலும் இயலும்: ஜெர்மன் தொடக்கநிலை வகுப்பு, வெளிநாட்டில் சேர விண்ணப்பம் எழுதக் கற்றுத்தரும் சனிக்கிழமை முகாம்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். முன்னாள் மாணவர் சங்கங்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பார்கள். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழும் என்.ஆர்.ஐ. தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அதே நண்பர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு. வாட்ஸ்ஆப் குழுவில் கணக்கு எண்ணைப் போட்டு ‘முடிந்ததை அனுப்புங்கள்’ என்று எழுதுவதற்கு முன் யார் எந்தப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று கேட்டு, நகல் வாங்கி, கோப்பில் வையுங்கள். நெருங்கிய நண்பரிடம் கேட்கச் சங்கடமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும்.

இதன் குறையும் தெளிவானது. தொகை சிறிது. வசூலிக்கும் பொருளாளர் சலித்துப்போனால் எல்லாம் நின்றுவிடும்.

## ஒரே பார்வையில்

| | தூதரக மானியம் | ரோட்டரி | சி.எஸ்.ஆர். | சந்தா, சொந்த வருமானம் |
|---|---|---|---|---|
| சட்டத் தடை | எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு அல்லது முன் அனுமதி | சங்கத்துக்கு இல்லை. பணம் கிளப்பிடம் | வரிப் பதிவு, 80ஜி, சி.எஸ்.ஆர்.-1 | வெளிநாட்டுக் குடிமக்களின் பணம் மட்டும் |
| விருந்து, பரிசு | பெரும்பாலும் இல்லை | கொண்டாட்டத்துக்கு இல்லை | ஒருநாள் நிகழ்ச்சிக்கு இல்லை | தடை இல்லை |
| காத்திருப்பு | நீண்டது | ஜூலையை ஒட்டித் திட்டமிட வேண்டும் | பதிவுகள் இல்லையேல் மிக நீண்டது | இல்லை |
| கணக்கு உழைப்பு | மிக அதிகம் | நடுத்தரம், கிளப்போடு பகிர்வு | அதிகம் | குறைவு |
| மறுஆண்டு உறுதி | குறைவு | தலைவரைப் பொறுத்தது | திட்டம் நிலைத்தால் உண்டு | அதிகம் |

## யாருக்கு எது

பத்து இருபது பேர் கொண்ட புதிய சங்கம் என்றால் சந்தாவில் தொடங்குங்கள். தூதரகத்திடம் ஆள் மட்டும் கேளுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். பதிவு, பான் அட்டை, இரண்டு கையெழுத்துள்ள வங்கிக் கணக்கு மூன்றையும் முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். பின்னால் எந்த வாசலுக்குப் போனாலும் ‘மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு எங்கே’ என்றுதான் கேட்பார்கள். அந்த மூன்று ஆண்டு இன்று தொடங்கினால்தான் ஓடும்.

பள்ளியோடு சேர்ந்த திட்டம் இருக்கிறது, ஊரில் துடிப்பான ரோட்டரி கிளப்பும் இருக்கிறது என்றால் அங்கே போங்கள். ஒரே கிளப்பை ஆண்டுதோறும் நம்பியிருக்காமல் பக்கத்து ஊர் கிளப்பையும் அறிமுகம் செய்துகொள்வது நல்லது.

சி.எஸ்.ஆர்., ஏற்கெனவே பதிவுகளெல்லாம் முடிந்த பழைய சங்கங்களுக்கு. பல பள்ளிகளில் ஆண்டு முழுவதும் வகுப்பு நடத்த ஆள் இருக்கிறார்கள் என்றால் தயங்காமல் கேளுங்கள். நிறுவனத்தின் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. கடைசி மாதத்தில் மிச்சப் பணம் கிடைக்கும் என்று காத்திருப்பதைவிட, ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் பட்டியல் போடும்போது போவதே சரி.

தூதரக மானியத்துக்கு விண்ணப்பிக்கத் தகுந்த நிலை ஒன்றே ஒன்று: எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுள்ள கல்லூரி உங்களோடு உறுதியாக நிற்கிறது, திட்டம் ஒருமுறை செய்து முடிக்கக்கூடியது, அணியில் தகுதியுள்ள இரண்டு பேர் ஓர் ஆண்டு முழுவதும் உழைக்கத் தயார். தென்மாவட்டக் கல்லூரிகள் பலவற்றில் வெளிநாட்டு மாணவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்து அவர்களுக்கும் ஊராருக்கும் இருமொழிக் கையேடு ஒன்று தயாரிப்பது போன்ற வேலை அது. அதற்கும் விண்ணப்பம் எழுதும் முன் கல்லூரியின் எஃப்.சி.ஆர்.ஏ. சான்றிதழில் செல்லுபடித் தேதியைப் பாருங்கள். பதிவு ஐந்து ஆண்டுக்குத்தான். புதுப்பித்தல் நிலுவையில் இருந்தால் அந்த ஆண்டு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுங்கள்.